மாடியில் காய்ந்த சட்டைகள்

ஒரே ஒரு வாக்கியம்தானே, எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன குறைந்துவிடும்? இதுவரை எத்தனையோ கொடுத்திருக்கிறேன். பஸ்ஸில் என் காலை மிதித்தவரிடம் நான்தான் மன்னிப்புக் கேட்டேன். கடையில் அழுகிய தக்காளியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, அதை அழுக வைத்ததே நான் என்பதுபோல் நின்றேன். இதையும் கொடுத்துவிட்டுப் போகலாம். கை ஏன் வரமாட்டேன் என்கிறது?

உள்ளுக்குள் இப்படிப் பேசிக்கொண்டே அவள் ஒரு கோரைப்பல்லின் மேல் மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பல் செட்டு செய்யும் கூடத்தில் நான்கு பேருக்கு நான்கு மேஜைகள், அவளுடையது ஜன்னலோரம். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நிறுத்துவது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறாள். யாருடைய வாய் என்று தெரியாது, அச்சோடு ஓர் எண் மட்டும் வரும். ஆனால் தெருவில் யாராவது சிரித்தால் தன் கைவேலையை அடையாளம் கண்டுவிடுவாள். குடியிருப்போர் சங்கத் தலைவரின் மேல்வரிசை அவள் செய்தது. அது அவருக்குத் தெரியாது. அவர் கோபப்படும்போதெல்லாம் முன்பல் இரண்டும் எவ்வளவு நன்றாக உட்கார்ந்திருக்கின்றன என்று அவளுக்குக் கவனம் போய்விடும், திட்டு பாதிதான் காதில் விழும்.

அந்தத் தலைவர் கையெழுத்திட்ட கடிதம் இப்போது அவளுடைய வெள்ளைக் கோட்டின் பையில் இருந்தது. சங்கத்தின் அனுமதி இல்லாமல் பொது மொட்டை மாடியில் நான்கு துணிக்கொடிகள் கட்டியிருக்கிறீர்கள். அளவுக்கு மீறிய ஆண்கள் துணி காய்வதைப் பார்த்தால் சலவைத் தொழில் நடத்துவதாகத் தெரிகிறது. ஏழு நாளில் கொடிகளை அவிழ்த்து, செய்த தவறுக்கு எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். இல்லையென்றால் சனிக்கிழமை காலை நகர வீட்டுவசதி அலுவலகத்தில் சமரசப் பேச்சுக்கு வர வேண்டும். இணைப்பு: புகைப்படம் ஒன்று.

வீடு வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. அதற்கு முன் பத்தொன்பது வருடம் அண்ணன் வீட்டுப் பின்னறை. மகளுக்கு ஒரு வயது ஆனபோது வெளியே போன கணவன் எங்கே போனான் என்று தெரியவில்லை, தெரிந்துகொள்ளும் ஆசையும் கொஞ்ச நாளில் போய்விட்டது. அண்ணன் நல்லவர். அண்ணியும் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் அந்த வீட்டுக் கொடியில் அண்ணியின் துணிகள் காய்ந்து எடுத்த பிறகுதான் இவளுடையது ஏறும். உள்ளாடைகள் துண்டுக்கு அடியில் ஒளிந்து காயும். யாரும் அப்படிச் சொல்லவில்லை, அவளாகவே செய்தாள். அங்கே அவளாகவே செய்துகொண்டவை நிறைய.

புது வீடு மூன்றாம் மாடியில், வடக்குப் பார்த்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு ஆள் பக்கவாட்டில் நிற்கும் அகலத்தில் பால்கனி. வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. வேலைக் கோட்டுகளில் ஏறிய பிளாஸ்டர் தூளும் பிசின் வாடையும் நிழலில் காய்ந்தால் போகவே போகாது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் ஒரு காலையில் வாளியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள். கதவுக்குப் பூட்டு இல்லை, தாழ்ப்பாள்தான். மேலே தண்ணீர்த் தொட்டி, பழைய ஆண்டெனாக்களுக்காக நட்ட இரும்புக் குழாய்கள், அதற்குமேல் வெயில், வெயில். கயிற்றை இழுத்துக் கட்டிக் கோட்டைப் போட்டாள். காற்று அதை உப்பவைத்தது. ஆளில்லாத கோட்டு ஆளைப் போலக் கைகளை வீசியதைப் பார்த்து, பார்க்க யாருமில்லை என்ற தைரியத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்திலேயே உள்ளாடைகளைப் போட்டாள். மேலே துண்டு போடவில்லை.

நான்காம் நாள் மூச்சு வாங்க ஒருவர் மேலே வந்தார். தலைவரின் மனைவி. இடுப்பில் வாளி.

"இங்க எனக்கும் கொஞ்சம் இடம் கிடைக்குமா?"

அவள் வழக்கம்போல், மன்னிச்சிடுங்க அக்கா, கேட்காமல் கட்டிவிட்டேன் என்று ஆரம்பித்தாள். தலைவர் கூட்டத்துக்குக் கூட்டம், மாடியில் துணி தொங்கினால் கட்டடத்தின் முகமே கெட்டுவிடும் என்று சொல்வார். அவர் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று கேட்டாள்.

"அவருக்கா? கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம். போடற துணி எங்க காயுதுன்னு அந்த மனுஷன் ஒரு நாள் கேட்டதில்ல. அலமாரியிலேயே விளையுதுன்னு நினைச்சிட்டிருக்கார்" என்றார் அக்கா.

அப்புறம் இரண்டாம் மாடி நர்ஸ் வந்தாள், மருத்துவமனைச் சீருடையோடு. கீழ் வீட்டு டிராயிங் டீச்சர் வந்தார். சங்கச் செயலாளரின் தங்கை வந்தாள். ஒரு கொடி நான்காயிற்று. காலை ஆறரை முதல் ஏழு வரை மாடியில் ஐந்து பேர். யாருடைய கிளிப் யாருடையது என்பதில் தினமும் ஒரு தகராறு, அதில் தினமும் ஒரு சிரிப்பு. வீட்டு ஆண்களைப் பற்றி அவரவர் சட்டைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார்கள். காலர் அழுக்கை வைத்தே நேற்று ஆபீஸில் யாருக்கு நல்ல நாள், யாருக்குக் கெட்ட நாள் என்று நர்ஸ் சொல்லிவிடுவாள். அந்த அரைமணி நேரத்துக்காக அவள் முந்தைய நாளே காத்திருக்கத் தொடங்கினாள். துவைக்கத் துணி இல்லாத நாளில் சுத்தமான தலையணை உறையை எடுத்துத் துவைத்துக்கொண்டு போனாள். இதை மகளிடம்கூட அவள் சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள் காலை பதினொரு மணிக்குச் செயலாளர் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க ஏறினார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் பலமாகத் தொண்டையைச் செருமுவதால் கட்டடத்தில் அவருக்கு ஹாரன் என்று பெயர். பெண்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்த நேரம். நான்கு கொடி நிறைய துணி, ஓரத்தில் அவளுடைய வெள்ளைக் கோட்டு. கோட்டு யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். செல்போனில் படம் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

கடிதம் வந்த அன்று அக்கா படிக்கட்டில் அவளை நிறுத்தினார். சனிக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எதைப் பார்த்துக்கொள்வார், எப்படி என்று அவள் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவளுக்குள் ஒரு கணக்கு தீரவே இல்லை. சலவைத் தொழில் இல்லை என்று சொல்ல வேண்டுமானால் அந்தச் சட்டைகள் யாருடையவை என்று சொல்ல வேண்டும். சொன்னால் நான்கு வீட்டில் சண்டை. சொல்லாவிட்டால் கொடியும் போகும், தான் செய்யாத ஒன்றுக்காக வருத்தமும் எழுத வேண்டும். மற்றவர்களைக் காட்டிக்கொடுக்கமாட்டேன் என்று முடிவு செய்ய அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இன்னொன்றில்தான் தடுமாறினாள். எழுதுவதா, வேண்டாமா?

அண்ணன் போனில், சங்கத்தோடு மோதி ஜெயித்தவர் யாருமில்லை, எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இரு என்றார். அவள் சரி என்றாள். அண்ணன் எது சொன்னாலும் அவளுக்குச் சரி என்றுதான் வரும். மகள் பக்கத்தில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீ லிஃப்ட்டுல ஏறினா லிஃப்ட்டுகிட்டயே சாரி சொல்ற ஆளு. உன்கிட்ட எழுதி வேற வாங்கணுமாமா அவங்களுக்கு?"

சனிக்கிழமை அவள் போனபோது பையில் வெற்றுத்தாளும் பேனாவும் இருந்தன. தேவைப்பட்டால் எழுதிவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

சமரசப் பேச்சு நடந்த அறையில் ஒரு நீள மேஜை, பிளாஸ்டிக் நாற்காலிகள், சத்தம் போடும் மின்விசிறி. குடியிருப்பவர்கள் யாரும் வந்து கேட்கலாம் என்று நோட்டீசில் இருந்தது. பின்வரிசையில் அக்கா, நர்ஸ், டிராயிங் டீச்சர், செயலாளரின் தங்கை நால்வரும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் திரும்பிப் பார்த்தாள். நால்வரும் ஒரே நேரத்தில் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

சமரச அலுவலர் அவள் வயதுப் பெண்மணி. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துவிட்டு மேஜை முழுக்க அதையே தேடினார். கூட வந்திருந்த மகள் எழுந்துபோய் அவர் தலையைச் சுட்டிக் காட்டினாள். அதோடு அறையில் ஒரு இறுக்கம் தளர்ந்தது. அலுவலர் தன்னுடைய முறையைச் சொன்னார். இங்கே யாரும் தன் கட்சியைப் பேச வேண்டாம். எதிரில் இருப்பவர் கட்சியைப் பேச வேண்டும். அதைக் கேட்டு எதிரில் இருப்பவர், ஆமாம், இதுதான் என்று தலையாட்டும்வரை அடுத்த பேச்சுக்குப் போக முடியாது.

தலைவர் தொண்டையைச் சரி செய்துகொண்டார். "இந்த அம்மா என்ன சொல்றாங்கன்னா, அவங்களுக்கு நிறைய துணி இருக்கு, ஆனா..." அலுவலர் விரலைத் தூக்கினார். ஆனா கூடாது. தலைவர் மறுபடி தொடங்கினார், மறுபடி ஆனாவில் போய் முட்டினார். மூன்றாவது முறை ஆனாவை விழுங்கிவிட்டு, "இருந்தாலும்" என்றார். பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

செயலாளருக்குப் பொறுக்கவில்லை. எவ்வளவு துணி என்று மேடம் பார்த்தால்தான் புரியும் என்று செருமிவிட்டு, சுருட்டி வைத்திருந்த ஒன்றை மேஜைமேல் விரித்தார். அந்தப் புகைப்படம். சாட்சி பெரிதாக இருக்க வேண்டும் என்று கதவு அளவுக்குப் பெரிதாக்கி எடுத்துவந்திருந்தார். இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. வெயிலில் பளபளவென்று நான்கு கொடி.

தலைவர் பேனாவால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். தாயும் மகளும் மட்டும் இருக்கும் வீட்டில் ஏன் பதினோரு ஆண் சட்டைகள்? இந்தப் பச்சைக் கட்டம் போட்ட பைஜாமா யாருடையது? இவ்வளவு பெரிய பனியனை யார் போடுவார்கள்? வெளியே ஆர்டர் எடுத்துத் துவைக்கிறார்கள் என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம். அவள் அடக்கியது சிரிப்பை. அந்தப் பைஜாமாவின் முழங்காலில் இருந்த தையல் எப்படி வந்தது என்று ஒரு காலை முழுக்க அக்கா சொல்லக் கேட்டிருக்கிறாள். இந்த மனிதருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. இஸ்திரி போட்டு மடித்தால்தான் அது அவருடையது. ஈரமாகத் தலைகீழாகத் தொங்கும்போது யாரோ அந்நியருடையது.

அப்போது பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அக்கா எழுந்து வந்து படத்தின் முன்னால் நின்றார். சாவகாசமாகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"அந்தப் பைஜாமா உங்களோடதுங்க."

"என்னோடதா?"

"நாலு வருஷமா அதைப் போட்டுட்டுத்தான் தினமும் பேப்பர் படிக்கிறீங்க. இப்ப வீட்டுக்குப் போனா அதைத்தான் கேப்பீங்க."

தலைவர் படத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், குனிந்து மறுபடி படத்தைப் பார்த்தார். பனியனைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. அக்காவே, அதுவும்தான் என்றார்.

நர்ஸ் வந்து தன் சீருடைகளையும் கணவனின் ஐந்து சட்டைகளையும் தொட்டுக் காட்டினாள். டிராயிங் டீச்சர், சாயக்கறை படிந்ததெல்லாம் என்னுடையது என்றார். செயலாளர் படத்தின் ஒரு முனையைப் பிடித்தபடியே நின்றிருந்தார். அவருடைய தங்கை அருகில் வந்து நீலச் சட்டை ஒன்றைக் காட்டி, அண்ணா, உன் டிரைவிங் ஸ்கூல் பேரு முதுகுல இருக்கு பாரு, நீதானே இதைப் பெருசாக்கி எடுத்துட்டு வந்த என்று கேட்டாள். அவர் செருமினார். செருமலுக்குப் பின்னால் வாக்கியம் எதுவும் வரவில்லை.

முதலில் சிரித்தவர் அலுவலர்தான், அதுவும் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்கு. பிறகு அறையில் யாராலும் நிறுத்த முடியவில்லை. தலைவர் மட்டும் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். உதடு கேட்கவில்லை. அவள் நிறுத்திவைத்த பற்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அந்த வரிசை முழுதாகச் சிரித்து அவள் பார்த்தது அன்றுதான்.

சலவைத் தொழில் அங்கேயே முடிந்தது. துணிக்கொடி கூடாது என்று எந்த விதியில் இருக்கிறது என்று அலுவலர் கேட்டார். செயலாளர் விதிப்புத்தகத்தை இரண்டு முறை புரட்டினார். மாடி எல்லாருடைய பயன்பாட்டுக்கும் உரியது என்று மட்டும் இருந்தது. கட்டடத்தின் முகம் தலைவரின் வாயில்தான் இருந்தது, புத்தகத்தில் இல்லை.

"சரி, பாதியில விட்டதை முடிப்போம்" என்றார் அலுவலர் தலைவரைப் பார்த்து.

இந்த முறை, அக்கா பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுக்க, அவர் நிதானமாகப் பேசினார். வடக்குப் பார்த்த வீடு, வெயில் வராது, கோட்டில் பிசின் வாடை, நிழலில் காய்ந்தால் போகாது. என் வீட்டுத் துணியும் அங்கேதான் காய்ந்திருக்கிறது, அது எனக்கே தெரியவில்லை. கடைசி வாக்கியம் அவளுடைய கட்சியில் இல்லாதது. ஆனாலும் அவள் தலையாட்டினாள்.

பிறகு அவள் முறை. அவருடைய கட்சியைப் பேச வேண்டும். அவளுக்கு இது மிகச் சுலபமாக இருந்தது. வாழ்நாள் முழுக்க எதிரில் இருப்பவர் கட்சியைத்தானே உள்ளுக்குள் பேசிக்கொண்டிருக்கிறாள். ஒன்பது வருடமாக இவர் இந்தக் கட்டடத்தைத் தூக்கிச் சுமக்கிறார், மழையில் தொட்டி வழிந்தபோது எங்களில் யாரும் போகவில்லை, இவர்தான் நனைந்துகொண்டே ஏறி வால்வை மூடினார் என்றாள். கேட்காமல் ஒருவர் கயிறு கட்டினால், நீங்கள் இங்கே இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான் என்று இவர் முகத்துக்கு நேரே சொன்னதுபோல் இருக்கும். அதுதான் கோபம், துணி இல்லை என்றாள்.

தலைவர் மெதுவாகத் தலையாட்டினார். பிறகு, "ஆமா. இதுதான்" என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

அதன்பின் எல்லாம் மளமளவென்று நடந்தது. கொடிகள் இருக்கும். கயிற்றுக்குப் பதில் சங்கமே கம்பி போட்டுத் தரும். தெருப் பக்கம் தெரியாமல் தொட்டிக்கு உள்பக்கமாகக் கம்பம் நடுவார்கள். கொடிகளுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அக்கா தானே கையைத் தூக்கினார். செயலாளர் எழுதினார், தங்கை அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து அங்கங்கே திருத்தினாள். மகள் எல்லாருக்கும் தேநீர் வாங்கிவந்தாள். பிஸ்கட் பொட்டலம் கை மாறியது. இனிமேல் தன் துணியைத் தானே காயப்போடுவதாகத் தலைவர் சொன்னார். யாரும் நம்பவில்லை, ஆனால் எல்லாருக்கும் பிடித்திருந்தது.

கிளம்பும் நேரத்தில் அவர் ஒரு தாளோடு அவளிடம் வந்தார். முகத்தில் கொஞ்சமும் பகை இல்லை.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதும்மா. ஃபைல்ல மட்டும் ஒண்ணு குறையுது. கேக்காம கட்டினதுக்கு வருந்துறேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. கடிதம் அனுப்பிட்டோம் இல்லையா, அதுக்கு ஒரு பதில் இருந்தாத்தானே எனக்கும் மரியாதை."

கேட்டவிதம் அவ்வளவு நியாயமாக இருந்தது. அக்கா பார்த்தார். நர்ஸ் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். கொடுத்துவிடேன் என்று செயலாளரின் முகம் சொன்னது. எப்போதும்போல அவளுடைய கை தானாக நீண்டு தாளை வாங்கிக்கொண்டது. அவர் பேனாவையும் கொடுத்தார்.

தாளை மேஜையில் வைத்துவிட்டு அவள் தனக்குள் தேடிப் பார்த்தாள். சற்றுமுன் அவருடைய வலியைச் சொன்னபோது ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவருக்காக மனது இளகியதும் உண்மை. ஒருவரைப் புரிந்துகொண்டால் அடுத்த சொல் மன்னிப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று இத்தனை வருடம் எப்படி நினைத்திருந்தாள்? காற்றில் கோட்டு உப்பிய அந்த முதல் காலையை நினைத்தாள். அதில் எந்த இடத்துக்கு வருந்துவது? கயிறு கட்டியதற்கா, சிரித்ததற்கா? எவ்வளவு துழாவியும் ஒரு துளி வருத்தம்கூட அகப்படவில்லை. இருந்ததெல்லாம் சந்தோஷம்தான், இப்போதும் சூடாக.

அவள் பேனாவுக்கு மூடி போட்டு, எழுதாத தாளின்மேல் வைத்து, இரண்டையும் மெல்ல அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இல்லைங்க. அதை மட்டும் நான் எழுதல."